மாலை விழாத தோள்கள்

பேஸ்பால் ஆட்டத்துக்கென்று அமெரிக்காவில் எழும்பவிருந்த புகழ் மண்டபத்துக்கு 1936ஆம் ஆண்டில் முதல் ஐந்து ஆட்டக்காரர்களை வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள். டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் என்ற ஐவரே அந்த முதல் வரிசை. அதே ஆண்டு சென்னையில் எம்.ஜே. கோபாலன் என்ற இளைஞர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் ஹாக்கியும் ஆடுவார், கிரிக்கெட்டும் ஆடுவார். இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடத் தக்கவர். முந்தைய ஆண்டுதான் தியான்சந்த் இருந்த ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போய் வந்திருந்தார். இப்போது ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் இங்கிலாந்துக்குப் புறப்படும் கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே பருவத்தில் வந்தன. கோபாலன் கிரிக்கெட்டோடு போனார்.

ஆகஸ்ட் 15 அன்று பெர்லின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலன் களமிறக்கப்படவில்லை. அவருடைய டெஸ்ட் கணக்கு, 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே ஆட்டத்தோடும் எடுத்த ஒரே விக்கெட்டோடும் முடிந்துபோயிற்று. ஒலிம்பிக் தங்கம் கழுத்தில் ஏறாமலே போனது.

புகழ் மண்டபங்களின் கணக்குப்படி பார்த்தால் இது ஒரு தோல்வியின் கதை. அந்தக் கணக்கு சரிதானா என்பதே இங்கே கேள்வி. தகுதி இருந்தும் சிலருக்கு மாலை ஏன் விழுவதில்லை, விழாதபோது மனிதன் எப்படி நிற்க வேண்டும், மாலையைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதை வாழ்க்கையில் எல்லோரும் ஒரு நாள் யோசித்தே தீர வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மண்டபம் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939இல் திறக்கப்பட்டது. பத்தாண்டுக்குக் குறையாமல் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் ஒப்புக்கொண்டால் உள்ளே இடம். ஆட்டத் திறமையோடு நேர்மை, குணம், விளையாட்டுப் பண்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி. இத்தனை கவனத்தோடு கட்டிய ஏற்பாட்டிலும் பெரும் ஆட்டக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் வெளியே நிற்கவில்லை. காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம் கிடைக்கும்.

காலமும் நாற்காலியும்

முதல் காரணம் காலம். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையிலான அந்த ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. முடித்துவைத்தவர் பதினொரு விக்கெட் எடுத்த ஏ.ஜி. ராம்சிங், சென்னையிலேயே வளர்ந்து ஆடிய சீக்கியர். இடக்கை சுழற்பந்து வீசுவார், மட்டையும் பிடிப்பார். அந்த நாளில் இந்தியாவின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவர். ஆனால் 1936இல் இங்கிலாந்து சென்ற அணியிலும் 1946இல் சென்ற அணியிலும் அவர் பெயர் இல்லை. நடுவில் உலகப் போர் வந்து டெஸ்ட் ஆட்டங்களையே நிறுத்திவைத்தது. ஒரு விளையாட்டுக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் பத்தாண்டுகள் அப்படியே கரைந்தன. ராம்சிங் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

இரண்டாவது காரணம் நாற்காலி. ஓர் இடத்துக்கு இரண்டு தகுதியாளர்கள் ஒரே காலத்தில் பிறந்துவிட்டால் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். ஹரியானாவுக்கு ஆடிய ராஜிந்தர் கோயல் முதல்தர ஆட்டங்களில் 750 விக்கெட் எடுத்தார். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637. மும்பையின் பத்மாகர் சிவால்கர் முதல்தர ஆட்டங்களில் எடுத்தது 589. இருவரும் இடக்கை சுழற்பந்து வீச்சாளர்கள். அதே வகைப் பந்துவீச்சில் அதே ஆண்டுகளில் பிஷன் சிங் பேடி இந்திய அணியில் இருந்தார். 67 டெஸ்ட், 266 விக்கெட். ஒரே ஒரு முறை கதவு அசைந்தது. 1974இல் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் ஒழுங்கு நடவடிக்கையாகப் பேடியை நீக்கினார்கள், கோயல் அழைக்கப்பட்டார். ஆட்டத்தன்று காலை அறிவித்த பதினொருவரில் அவர் பெயர் இல்லை. அதன்பிறகு எப்போதும் இல்லை.

சிவால்கர் யாரென்று சென்னைக்குத் தெரியும். 1972–73 பருவத்தின் ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தபோது, தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 80க்கும் இரண்டாவதில் 61க்கும் சுருண்டது. சிவால்கர் 16 ரன் கொடுத்து எட்டு விக்கெட்டும், 18 ரன் கொடுத்து ஐந்து விக்கெட்டும் எடுத்திருந்தார். சொந்த மைதானத்தில், சுழற்பந்துக்குப் பேர்போன அணியை, சுழற்பந்தாலேயே மடக்கிய அந்த மனிதருக்கும் இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை.

அன்று எதிரணியில் இருந்த வி.வி. குமாரின் கதை இன்னும் வேறு. லெக் ஸ்பின் வீசியவர். 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக மும்பையில் ஆடிய டெஸ்டில் விக்கெட் விழவில்லை. அதோடு சரி. பிறகு எத்தனையோ பருவங்கள் தமிழ்நாட்டுக்காக வீசி, முதல்தர விக்கெட் கணக்கை 599க்குக் கொண்டுபோனார். ஒரு நாள் கைகூடாமல் போனது ஒரு மனிதனின் முழு அளவாகிவிட்டது. தேர்வாளர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான்.

இந்த இரண்டு வகையிலும் யாரும் யாருக்கும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை. உலகத்தில் தகுதி நிறைய இருக்கிறது, இடம் குறைவாக இருக்கிறது. இந்த எளிய உண்மையை ஏற்க முடியாமல்தான் நம்மில் பாதிப் பேர் வாழ்நாள் முழுக்க உள்ளுக்குள் புழுங்குகிறோம்.

அடைக்கப்பட்ட வாசல்

மூன்றாவது காரணத்தை அவ்வளவு சாந்தமாகச் சொல்லிவிட முடியாது. பல்வங்கர் பாலூ 1876இல் பிறந்தவர். தலித். புனேயில் வெள்ளையர் கிளப் மைதானத்தில் வேலைபார்த்துக்கொண்டே பந்துவீசக் கற்றவர். மத வாரியாக அணிகள் பிரிந்து கிரிக்கெட் ஆடிய அந்நாளில் இந்துக்கள் அணிக்குப் பந்துவீச அவர் கை வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். இத்தனைக்குப் பிறகும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. அந்த ஆண்டு அணி கோப்பையை வென்றது.

அமெரிக்காவிலும் இதே கதை. கறுப்பினத்தவரைப் பெரிய லீக்குகளில் சேர்க்காமல் பல தலைமுறைகள் தள்ளிவைத்திருந்தார்கள். ஜோஷ் கிப்சன் பேப் ரூத்துக்கு நிகராகப் பேசப்பட்ட மட்டையாளர். அவர் 1947 ஜனவரியில் இறந்தார். ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்துக் களமிறங்கினார். மூன்றே மாத இடைவெளி.

பாலூவிடம் போய் ‘விருதில் என்ன இருக்கிறது, மனநிறைவுதான் பெரிது’ என்று சொல்வது உபதேசம் ஆகாது. அவரைத் தள்ளிவைத்த அதே கூட்டம் இன்னொரு முறை தள்ளுவதாகத்தான் ஆகும். மனநிறைவு ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். உரிமை மறுக்கப்பட்டவனிடம் மறுத்தவன் சொல்லக் கூடாத சொல். வாழ்க்கை நெறி பேசுகிறவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது. பொறுமையை ஏழைக்கும், பெருந்தன்மையைத் தோற்றவனுக்கும், அடக்கத்தைப் பெண்ணுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மாலைகளைத் தாங்கள் வைத்துக்கொள்வது அறம் ஆகாது.

தானே தாழ்போட்டவர்கள்

நான்காவது காரணம் மனிதன் தன் கையாலேயே செய்துகொள்வது. பீட் ரோஸ் பெரிய லீக் பேஸ்பாலில் 4,256 முறை பந்தை அடித்து ஓடி இடம் பிடித்தவர். அந்த எண்ணிக்கையை இதுவரை யாரும் தொடவில்லை. தன் அணியின் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டினார் என்று 1989இல் அவருக்கு ஆயுள் தடை விழுந்தது. பதினைந்து ஆண்டுகள் மறுத்துவிட்டு 2004இல் ஒப்புக்கொண்டார். தடைப் பட்டியலில் இருப்பவரை மண்டபத்தில் சேர்ப்பதில்லை என்ற விதி இருந்ததால், 2024 செப்டம்பரில் இறக்கும்வரை வெளியேதான் நின்றார். இறந்தவர்களுக்கு அந்தத் தடை இனிப் பொருந்தாது என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். அதே அறிவிப்பில் ஜோ ஜாக்சனின் பெயரும் தடையிலிருந்து விடுபட்டது. 1919 உலகத் தொடரைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்த குற்றச்சாட்டில், நீதிமன்றம் விடுவித்த பிறகும், ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அவர்.

நமக்கு முகமது அசாருதீன் இருக்கிறார். முதல் மூன்று டெஸ்டுகளிலும் தலா ஒரு சதம் அடித்து வந்தவர். சூதாட்டப் புகாரில் 2000ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தபோது 99 டெஸ்ட் ஆடியிருந்தார். அந்தத் தடை செல்லாது என்று 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூறாவது டெஸ்ட் நடக்கவில்லை.

இந்த நான்கு காரணங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். காலம் நம் கையில் இல்லை. நாற்காலியின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. பிறர் மனத்தில் இருக்கும் வெறுப்பும் நம் கையில் இல்லை. அதை எதிர்த்துப் போராடலாம், நம் ஆயுளுக்குள் அது மாறும் என்று உத்தரவாதம் கிடையாது. நான்காவது மட்டுமே முழுக்க முழுக்க நம்முடையது. எனவே ஒருவன் இரவில் தூக்கம் கெட்டுக் கவலைப்பட வேண்டிய விஷயம் அந்த ஒன்றுதான். வாழ்க்கையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதல் மூன்றுக்காக உருகி உருகி, அந்த ஆத்திரத்திலேயே நான்காவதைச் செய்துவிடுகிறோம். பதவி உயர்வு தவறியதும் வேலையில் கள்ளம் புகுகிறது. பாராட்டு வராததும் பக்கத்து மேசைக்காரர் மீது புறங்கூறல் தொடங்குகிறது. மற்றவர்கள் மறுத்தது மாலையை மட்டுமே. தகுதியை நாமே எடுத்து வெளியே எறிந்துவிடுகிறோம்.

நம் தெருவில்

சென்னையின் கோட்டூர்புரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இங்கிருந்து சர்தார் படேல் சாலைக்குப் போகும் பெரிய சாலைக்குக் காந்தி மண்டபம் சாலை என்று பெயர். அந்தக் காந்திக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கடைசியாக 1948இல், அவர் கொல்லப்பட்ட ஆண்டில், தகுதியுள்ளவர் எவரும் உயிரோடு இல்லை என்று சொல்லிப் பரிசையே கொடுக்காமல் விட்டார்கள். அது தங்கள் வரலாற்றின் மிகப் பெரிய விடுபடல் என்று அந்தக் குழுவின் செயலாளராக இருந்தவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பரிசு கிடைக்காததால் குறைந்தது காந்தியின் பெயரா, பரிசின் பெயரா என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பகுதியை ஒட்டியிருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952 முதல் ஜி.என். ராமச்சந்திரன் வேலைபார்த்தார். நம் எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய வடிவம் கொண்டது என்று 1950களின் நடுவில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் கண்டு சொன்னார். அந்த ஆய்வுக்குக் கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் பயன்பட்டது. ஒரு புரதத்தின் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வரைந்த படத்தை இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்கிறார்கள். எந்த ஆய்வுக்கூடத்திலாவது ஒரு புரதத்தின் வடிவத்தைப் புதிதாகக் கணித்தால், அது சரிதானா என்று பார்க்க அந்த வரைபடத்தில்தான் வைத்துப் பார்ப்பார்கள். அவருக்கும் நோபல் வரவில்லை. 2001இல் சென்னையில் மறைந்தார். பரிசு பெற்ற பலருடைய பெயர் பட்டியலில் மட்டும் இருக்க, அவர் பெயர் தினமும் வேலைசெய்துகொண்டிருக்கிறது.

சங்கீதத்திலும் இந்த நகரத்துக்கு ஒரு புகழ் மண்டபம் உண்டு. மியூசிக் அகாடமி தரும் சங்கீத கலாநிதி பட்டம் அது. மார்கழி வந்தால் மயிலாப்பூர் காபிக் கடைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. நாகசுரத்தில் சக்கரவர்த்தியாகக் கொண்டாடப்பட்ட டி.என். ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. பாடகர் எம்.டி. ராமநாதனும் இல்லை. ஆனால் தோடி ராகம் என்றதும் ராஜரத்தினத்தைத்தானே ரசிகர்கள் முதலில் சொல்கிறார்கள்?

அதே காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் நிற்கிறது. காலையில் திறப்பதற்கு முன்பே வாசலில் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக இளைஞர்கள் வந்து காத்திருப்பார்கள். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இலக்கு. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் சில ஆயிரம் இடங்கள். ஒரு மதிப்பெண்ணில், அரை மதிப்பெண்ணில் தவறுகிறவர்கள் உண்டு. அவர்கள் படித்தது குறைவா? இல்லை. கோடு அந்த இடத்தில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் பட்டியல் வெளியான அன்று அந்தப் பையனோ பெண்ணோ வீட்டுக்குள் தலையைத் தூக்க முடியாமல் நிற்கும்படி செய்வது தேர்வாணையம் அல்ல, நாம்தான். ‘எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டதே’ என்ற ஒற்றை வாக்கியத்தில் நான்கு ஆண்டு உழைப்பை அழித்துவிடுகிறோம்.

மாலையில் தோளில் கிரிக்கெட் பையைச் சுமந்துகொண்டு பயிற்சிக்குப் போகும் சிறுவர்களைப் பார்க்கலாம். பின்னாலேயே ஸ்கூட்டரில் அப்பா. மகன் எப்படி ஆடினான் என்பதைவிட, மாவட்ட அணித் தேர்வில் எந்த இடம் என்பதே பேச்சாக இருக்கிறது. நூறு பேர் ஆடினால் ஒருவன் ரஞ்சி வரைகூடப் போவது அரிது. மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அந்த மைதானம் எதைக் கொடுத்தது என்று யாராவது கேட்கிறோமா? தோற்றபின் எதிராளிக்குக் கை கொடுக்கவும், தப்பாக அவுட் கொடுத்தாலும் வாதாடாமல் நடக்கவும், நன்றாக ஆடிய நண்பனை மனம் கசக்காமல் பாராட்டவும் கற்றுக்கொண்டிருந்தால் அவன் ஆட்டம் வீண்போகவில்லை.

பொறாமை இல்லாமல் நிற்பது

கோயலை அறிந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒன்று உண்டு. பேடியைப் பற்றி அவர் குறைவாகப் பேசியதில்லை. தான் தவறான காலத்தில் பிறந்துவிட்டதாகச் சொன்னாலும், அந்த இடத்துக்குப் பேடி உரியவர் என்பதை மறுத்ததில்லை. எவ்வளவு பெரிய காரியம் இது! தன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவனின் தகுதியை மனமார ஒப்புக்கொள்வது, விக்கெட் எடுப்பதைவிடக் கடினம்.

ராம்சிங் தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சென்னையில் பயிற்சியாளராக இருந்து எத்தனையோ சிறுவர்களை ஆளாக்கினார். மகன் கிருபால் சிங் 1955இல் ஹைதராபாத்தில் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக ஆடினார். பேரன்கள் தமிழ்நாட்டுக்காக ஆடினார்கள். கோபாலனும் கசந்துபோய் ஒதுங்கவில்லை. மூன்று டெஸ்டுகளையும் வெளியே உட்கார்ந்து பார்த்துத் திரும்பிய பிறகும் சென்னைக்காக ஆண்டுக்கணக்கில் பந்துவீசினார். 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய கோப்பைக்கு அவர் பெயரை வைத்தார்கள். டெஸ்ட் தகுதி பெறாத இலங்கையின் ஆட்டக்காரர்களுக்கு முதல்தர ஆட்டம் ஆடிப் பழகும் வாய்ப்பை அது பல ஆண்டுகள் தந்தது. பதக்கம் வாங்காதவரின் பெயரில் பிறர் கோப்பை வாங்கினார்கள்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட் எடுத்தவர். ஆஃப் ஸ்பின்னில் பிரசன்னா இருந்ததால் அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். 1979 இங்கிலாந்துப் பயணத்தில் தலைமை தாங்கிவிட்டுத் திரும்பும்போது, தலைமைப் பதவி தன்னிடமிருந்து எடுக்கப்பட்ட செய்தி விமானத்திலேயே விமானியின் அறிவிப்பாக அவர் காதில் விழுந்தது. அதைவிட அவமானமாக ஒருவரிடம் ஒரு செய்தியைச் சேர்க்க முடியாது. அவர் அந்த ஆட்டத்தை விட்டு ஓடவில்லை. பின்னாளில் வெள்ளைக் கோட்டு அணிந்து 73 டெஸ்டுகளுக்கு நடுவராக நின்றார். தனக்குச் சரியாகத் தீர்ப்புச் சொல்லப்படாத ஆட்டத்திலேயே மற்றவர்களுக்குச் சரியாகத் தீர்ப்புச் சொன்னார்.

கொடுக்க வேண்டிய கை

இதுவரை சொன்னது பெறாதவர்களைப் பற்றி. பெற்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. 1966இல் டெட் வில்லியம்ஸ் என்ற வெள்ளையர் கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஏற்புரை நிகழ்த்த எழுந்தவர், வாய்ப்பு மறுக்கப்பட்டதால் மட்டுமே வெளியே இருக்கும் சாட்செல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒரு நாள் இங்கே வரவேண்டும் என்று அந்த மேடையிலேயே கேட்டார். 1971இல் பெய்ஜ் சேர்க்கப்பட்டார். 1972இல், இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, கிப்சன் சேர்க்கப்பட்டார். தனக்கு விழுந்த மாலையின் கனத்தை அறிந்தவன் செய்த வேலை அது. சுனில் கவாஸ்கர் 1983இல் தன் ஆதர்சங்களைப் பற்றி எழுதிய நூலில் உலகப் புகழ்பெற்ற பெயர்களுக்கு நடுவில், ஒரு டெஸ்ட்கூட ஆடாத கோயலுக்கும் சிவால்கருக்கும் தனித்தனி இடம் கொடுத்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் அந்த இருவருக்கும் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதைத் தர 2017 ஆயிற்று. அப்போது இருவரும் எழுபதைத் தாண்டியிருந்தார்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். பக் ஓ’நீல் கறுப்பின லீக்குகளில் ஆடியவர், அணியை நடத்தியவர். 1962இல் பெரிய லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆனவர். அந்த மறக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்காகக் கன்சாஸ் நகரத்தில் ஓர் அருங்காட்சியகம் எழக் காரணமானவர். 2006இல் கறுப்பின பேஸ்பாலைச் சேர்ந்தவர்களுக்கென்று தனி வாக்கெடுப்பு நடந்தபோது பதினேழு பேரைத் தேர்ந்தார்கள். அந்தப் பதினேழு பேரும் இறந்துபோனவர்கள். உயிரோடு இருந்த 94 வயது ஓ’நீல் மிகச் சொற்ப வாக்கில் தவறியதாகச் சொன்னார்கள். விழாவில் அந்தப் பதினேழு பேருக்காகப் பேச ஆள் வேண்டியிருந்தது. அவரையே அழைத்தார்கள். அவர் போனார். மேடையேறித் தன்னைப் பற்றி வருத்தம் காட்டாமல், தன்னைத் தாண்டிப் போனவர்களின் பெருமையைச் சொல்லி, கூட்டத்தைத் தன்னோடு சேர்ந்து பாடவும் வைத்தார். சில வாரங்களில், அக்டோபரில் இறந்தார். அவரை மண்டபத்தில் சேர்த்தது 2022இல்.

ஓ’நீலின் பெருந்தன்மை அவருக்குப் பெருமை. பதினாறு ஆண்டுத் தாமதம் கொடுக்க வேண்டியவர்களுக்குச் சிறுமை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ‘பாருங்கள், அவர் எவ்வளவு நல்லவர், வருத்தப்படவே இல்லை’ என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

திருக்குறளில் புகழ் என்பது 24ஆவது அதிகாரம். இல்லறவியல் அதோடு முடிகிறது. அதற்கு முந்தைய இரண்டு அதிகாரங்கள் ஒப்புரவறிதலும் ஈகையும். ஊருக்கு உதவுவதையும் இல்லாதவருக்குக் கொடுப்பதையும் பேசி முடித்த பிறகுதான் வள்ளுவர் புகழுக்கு வருகிறார். வாங்குவதைப் பற்றி அந்த வரிசையில் பேச்சு வரும்போதும் அது தீது என்றே வருகிறது. கொடுத்தவனைத் தேடி வருவதாகவே அங்கே புகழ் நிற்கிறது. மேடை ஏறிக் கோப்பை வாங்குவதுதான் புகழ் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் நாம் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் எந்த விருதுக் குழுவிலும் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் கையிலும் சில மாலைகள் இருக்கின்றன. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் கடைசி இலையையும் பார்த்துப் போடுவதுபோல, நம் கண்ணும் வரிசையின் கடைசிவரை போக வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் முதல் மூன்று பேருக்குக் கோப்பை கொடுக்கும் தலைமையாசிரியர், ஆண்டு முழுதும் கழிவறையைச் சுத்தம் செய்த அம்மாவை மேடைக்கு அழைத்து ஒரு வார்த்தை சொல்லலாம். அலுவலகத்தில் தன் பெயரில் பாராட்டு வரும்போது, அந்த வேலையைப் பாதி செய்தவரின் பெயரை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். நாற்பது வருடமாக அடுப்படியில் நின்றவளிடம், ‘உன் கை ருசியில்தான் இந்த வீடு நின்றது’ என்று கணவன் பிள்ளைகள் எதிரில் சொல்லலாம். இதற்கெல்லாம் எழுபத்தைந்து விழுக்காடு வாக்கு தேவையில்லை. இறந்த பிறகு படத்துக்குப் போடும் மாலையை உயிரோடு இருக்கும்போது தோளில் போடுவதற்கு மனம் வந்தால் போதும்.

சிவால்கர் 2025 மார்ச்சில் மறைந்தபோது பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அவற்றில் பாதியை அவர் முப்பத்தைந்து வயதில் படித்திருக்க வேண்டும்.

உங்களுக்கு வர வேண்டியது வரவில்லை என்றால், அதற்காக உரிய இடத்தில் கேளுங்கள். அநியாயம் என்றால் எதிர்த்து நில்லுங்கள். ஆனால் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வந்தவர் மீது பழி சொல்லாதீர்கள். பிறருக்குக் கொடுக்க வேண்டியது உங்கள் கையில் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரோ, முதல் வேலையைக் கற்றுத்தந்த மூத்தவரோ, பெயர் வெளியே தெரியாமல் உங்களைத் தூக்கிவிட்ட உறவினரோ இன்று உயிரோடு இருந்தால், அவரைப் போய்ப் பார்த்து அவர் செய்தது என்னவென்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.